இரண்டு கரைகளில் ஒரு செடி



இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒரு காட்டுச்செடி. தாவரவியலில் அதன் பெயர் லித்ரம் சாலிகாரியா. இங்கிலாந்தில் பர்ப்பிள் லூஸ்ஸ்ட்ரைஃப் என்பார்கள். ஈரம் வற்றாத புல்வெளி, ஓடைக்கரை, வாய்க்கால் ஓரம், ஏரியின் சேற்று விளிம்பு, இவைதான் அது விரும்பும் இடங்கள். ஐரோப்பாவில் ஓவியர்கள் அதை வரைந்தார்கள். வைத்தியர்கள் அதைக் கஷாயமாக்கிக் கொடுத்தார்கள். சார்லஸ் டார்வின் அதைத் தோட்டத்தில் வளர்த்து, அதன் பூவுக்குள் ஒளிந்திருந்த ஒரு கணக்கைக் கண்டு வியந்தார்.

அதே செடி அட்லாண்டிக் கடலைத் தாண்டியதும் என்ன ஆயிற்று? அதை விற்கத் தடை. நடத் தடை. வேரோடு பிடுங்க ஊர் ஊராக ஆட்கள். களைக்கொல்லி தெளிக்க அரசுப் பணம். எதுவும் பலிக்காமல், கடைசியில் அதைத் தின்பதற்கென்றே ஐரோப்பாவிலிருந்து வண்டுகள் வரவழைக்கப்பட்டன.

ஒரே செடி. ஒரே பூ. ஒரே விதை. ஒரு கரையில் செல்லம், மறுகரையில் குற்றவாளி. எதனால் இப்படி? இந்தக் கேள்வியைத்தான் இன்று பின்தொடர்ந்து போகப்போகிறோம்.

முதலில் செடியைப் பார்த்துவிடுவோம். ஆள் உயரத்துக்கு வளரும். தண்டு உருண்டையாக இராது. பெரும்பாலும் நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் ஈட்டி வடிவில், எதிரெதிராகவோ மூன்று மூன்றாகச் சுற்றியோ அமைந்திருக்கும். கோடையில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தண்டின் நுனியில் நீண்ட கதிர் கிளம்பும். அந்தக் கதிர் முழுக்க அடர்ந்த செவ்வூதாப் பூக்கள். தரைக்கு மேலே இருப்பது பனிக்காலத்தில் காய்ந்துவிடும்; தரைக்குக் கீழே வேர்த்தண்டு கட்டையாக இறுகி உயிரோடு கிடக்கும். வசந்தம் வந்ததும் மறுபடி முளைக்கும். வயதான ஒரு வேரிலிருந்து 30 தண்டுகளுக்கு மேல் கிளம்புவதும் உண்டு.

இந்தச் செடி தமிழ்நாட்டில் இயல்பாக வளர்வதில்லை. இந்தியாவில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் காஷ்மீரப் பள்ளத்தாக்கின் ஈரநிலங்களுக்குப் போக வேண்டும். ஆனால் அதன் சொந்தக்காரர்கள் நம் வீட்டு வாசலிலேயே நிற்கிறார்கள். மருதாணி அதே குடும்பம். மாதுளையையும் தாவரவியலார் இப்போது அதே குடும்பத்தில்தான் வைக்கிறார்கள். சாலையோரம் ஊதாப் பூவாய்ப் பூத்துச் சொரியும் பூமருதும் அதே குடும்பம். நெல்வயலின் ஈரத்தில் சிறு களையாக நிற்கும் கல்லுருவி, நீர்மேல் நெருப்பு என்று நாட்டு வைத்தியர்கள் சொல்வார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். பூமருதின் இதழையும் மாதுளையின் இதழையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். கசக்கிப் பிரித்த காகிதம்போல மடிப்பு மடிப்பாக இருக்கும். லித்ரத்தின் இதழும் அப்படியேதான். முகச்சாடை ஒத்துப்போகும்.

ஐரோப்பிய வைத்தியர்கள் இந்தச் செடியை வயிற்றுப்போக்குக்கும் சீதபேதிக்கும் கொடுத்தார்கள். இதில் துவர்ப்புச் சத்து மிகுதி. தோல் பதனிடவும் பயன்பட்டது. ஐரோப்பிய மருந்துநூலில் இதற்கு இன்றும் இடம் உண்டு. ஓவியர்களில் ஒருவரைச் சொன்னால் போதும். ஜான் எவரெட் மில்லே 1851இல் சர்ரே பகுதியின் ஹாக்ஸ்மில் ஓடைக்கரையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, ஒஃபீலியா நீரில் மிதக்கும் புகழ்பெற்ற ஓவியத்தின் பின்னணியை வரைந்தார். கரையில் என்ன செடி நின்றதோ அதை அப்படியே வரைந்தார். அந்த ஓவியத்தின் வலப்பக்க மேல் ஓரத்தில் செவ்வூதாக் கதிர்களாக நிற்பது லித்ரம். லண்டனின் டேட் கலைக்கூடத்தில் இன்றும் பார்க்கலாம்.

மில்லே அதன் நிறத்தைக் கண்டார். பத்தாண்டு கழித்து இன்னொருவர் அதே பூவை லென்சு வைத்துப் பார்த்தார். அங்கேதான் கதை சூடுபிடிக்கிறது.

கென்ட் பகுதியில், டவுன் என்ற கிராமத்தில் இருந்தது டார்வினின் வீடு. உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் 1859இல் வெளிவந்து உலகமே அதைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தது. அவரோ வீட்டுத் தோட்டத்தில் பூக்களின் முன்னால் குனிந்திருந்தார். உடல் நலம் சரியில்லை. வெளியூர்ப் பயணம் முடியாது. தோட்டமும் தொட்டியும் கண்ணாடி வீடும் அவருக்கு ஆய்வுக்கூடம் ஆயின. 1862இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், லித்ரத்தின் மேல் தனக்குக் கிட்டத்தட்டப் பைத்தியமே பிடித்துவிட்டது என்று சொல்கிறார். அமெரிக்காவில் அந்த இனத்துச் செடி ஏதேனும் இருந்தால் பார்த்துச் சொல்லும்படி, கிடைத்தால் விதை அனுப்பும்படி கெஞ்சுகிறார்.

உலகத்தையே புரட்டிப்போட்ட ஒரு மனிதர், ஓடைக்கரைச் செடி ஒன்றின் மேல் பைத்தியமாகிறார் என்றால் அதில் அப்படி என்ன இருந்தது?

ஒரு லித்ரப் பூவைப் பிரித்தால் உள்ளே ஒரு சூல்தண்டு இருக்கும். அதைச் சுற்றி 12 மகரந்தத் தாள்கள் இருக்கும்; ஆறு ஒரு உயரம், ஆறு இன்னொரு உயரம். பூவுக்குள் மூன்று மாடிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: மேல்மாடி, நடுமாடி, கீழ்மாடி. சில செடிகளில் சூல்தண்டு மேல்மாடியில்; மகரந்தத் தாள்கள் நடுவிலும் கீழேயும். வேறு சில செடிகளில் சூல்தண்டு நடுவில். தாள்கள் மேலேயும் கீழேயும். இன்னும் சிலவற்றில் சூல்தண்டு கீழே; தாள்கள் மேலேயும் நடுவிலும். ஒரு செடியில் பூக்கும் பூக்கள் அத்தனையும் ஒரே வகையாக இருக்கும். பக்கத்துச் செடி வேறு வகையாக இருக்கலாம். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுதான். பூவைக் கிழித்துப் பார்த்தால்தான் மூன்று.

இப்படி மூன்று வடிவம் இருப்பதை டார்வினுக்கு முன்பே சிலர் கண்டு எழுதியிருந்தார்கள். கண்டார்கள், எழுதினார்கள், நகர்ந்துவிட்டார்கள். ஏன் மூன்று என்று கேட்டவர் டார்வின்.

கேட்டதோடு நிற்கவில்லை, கணக்குப் போட்டார். சூல்தண்டு மூன்று வகை. ஒவ்வொரு வகைப் பூவிலும் இரண்டு உயரத்து மகரந்தம். ஆக மகரந்தம் ஆறு வகை. மூன்றை ஆறால் பெருக்கினால் 18. பதினெட்டு விதமான இணைப்புகள் சாத்தியம். அந்தப் பதினெட்டையும் டார்வின் செய்து பார்த்தார். எப்படி? பூ முதிரும் முன்பே அதன் மகரந்தப் பைகளை நுண்ணிய இடுக்கியால் நீக்க வேண்டும். தேனீ வராமல் வலை கட்ட வேண்டும். வேண்டிய பூவிலிருந்து வேண்டிய உயரத்து மகரந்தத்தை மட்டும் எடுத்துச் சூல்முடியில் தடவ வேண்டும். எந்தப் பூவுக்கு எது கொடுத்தோம் என்று நூல் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். காய் முற்றிய பின் ஒவ்வொரு காயையும் பிரித்து, தூசிபோன்ற விதைகளை எண்ண வேண்டும். உடம்பு ஒத்துழைக்காத மனிதர் செய்த வேலை இது.

விடை தெளிவாக வந்தது. மேல்மாடிச் சூல்முடிக்கு மேல்மாடி மகரந்தம் கொடுத்தால் விதை நிறைய. நடுவுக்கு நடு, கீழுக்குக் கீழ். உயரம் ஒத்தால் விளைச்சல். உயரம் மாறினால் பொய்க்காய், அல்லது சொற்ப விதை. பதினெட்டு இணைப்புகளில் உயரம் ஒத்தவை ஆறு மட்டுமே. அந்த ஆறில் ஒன்றுகூட ஒரே பூவுக்குள் நடக்க முடியாது. ஏனென்றால் எந்தப் பூவிலும் அதன் சூல்தண்டின் உயரத்தில் அதற்கென்று ஒரு மகரந்தத் தாள் கிடையாது! அதாவது, இந்தச் செடி பெரும்பாலும் தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ளாது. அதற்கு இன்னொரு செடி வேண்டும். அதுவும் வேறு வகைச் செடியாக இருக்க வேண்டும். நடுவே தூது போக ஒரு தேனீ வேண்டும்.

தேனீயின் உடல் அமைப்பும் இதற்குள் வந்து பொருந்துகிறது. பூவுக்குள் தலையை நுழைத்துத் தேன் குடிக்கும்போது மேல்மாடி மகரந்தம் அதன் உடலில் ஓரிடத்தில் ஒட்டும். நடுமாடி மகரந்தம் வேறிடத்தில். கீழ்மாடி மகரந்தம் வாய்ப்பக்கம். அடுத்த பூவில் அந்தந்த இடம் அந்தந்த உயரத்துச் சூல்முடியில் போய் உரசும். மகரந்தத் தூளிலும் வேறுபாடு: மேல்மாடித் தூள் பெரியது, பச்சை நிறம், மற்றவை சிறியவை, மஞ்சள். ஐரோப்பாவில் மெலிட்டா நிக்ரிகன்ஸ் என்ற காட்டுத் தேனீ தன் குஞ்சுகளுக்கு மகரந்தம் சேகரிக்க லித்ரத்தையே நம்பி வாழ்கிறது. ஒரு செடிக்கும் ஒரு பூச்சிக்கும் இடையே எத்தனை நெருக்கம் இருந்தால் இது நடக்கும்!

1864 ஜூனில் லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வினின் கட்டுரை வாசிக்கப்பட்டது. பின்னர் 1877இல் வெளியிட்ட பூ வடிவங்கள் பற்றிய நூலிலும் இந்தச் செடிக்குப் பெரிய இடம் கொடுத்தார். அந்த நூலைக் காணிக்கையாக்கியது யாருக்குத் தெரியுமா? அதே ஆசா கிரேக்கு.

இந்த மூன்று வகைக் கணக்கை மனத்தில் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அது வேறொரு வேடத்தில் திரும்பி வரும்.

இப்போது மறுகரைக்குப் போவோம்.

டார்வின் அமெரிக்கச் செடிகள் பற்றிக் கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அந்தக் காலத்திலேயே, அவருடைய ஐரோப்பிய லித்ரம் அமெரிக்கக் கிழக்குக் கரையில் வேரூன்றிப் பல பத்தாண்டு ஆகியிருந்தது. எப்படிப் போயிற்று? அந்தக் காலப் பாய்மரக் கப்பல்கள் சரக்கு குறைவாக இருந்தால் நிலைத்து நிற்க அடியில் ஈரமண்ணும் கல்லும் ஏற்றிச் செல்லும். போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் அதைக் கொட்டிவிடும். அந்த மண்ணில் விதை போயிற்று. ஆட்டு ரோமத்தில் ஒட்டிக்கொண்டும் போயிற்று. வயிற்றுப்போக்குக்கு மருந்தாகக் குடியேறிகள் கையோடு கொண்டுபோனார்கள். அழகுக்காகத் தோட்டத்தில் வைத்தார்கள். தேனுக்காகத் தேனீ வளர்ப்பவர்கள் நட்டார்கள். 1830களில் நியூ இங்கிலாந்து கடற்கரைச் சதுப்புகளில் அது நிலைபெற்றுவிட்டது. இதற்கிடையே கால்வாய்களும் வெட்டப்பட்டன. ஈரிக் கால்வாய் 1825இல் திறந்தது. அட்லாண்டிக் கரையையும் உள்நாட்டுப் பேரேரிகளையும் அது இணைத்தது. ஈரக்கரையை விரும்பும் செடிக்கு மனிதர்களே நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு ஈரக்கரை அமைத்துக் கொடுத்தார்கள்.

விதையின் கணக்கைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். நன்றாக வளர்ந்த ஒரு செடி ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் விதை உண்டாக்கும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒவ்வொன்றும் தூசி அளவு. நீரில் மிதக்கும். பறவையின் காலில், வண்டிச் சக்கரத்தின் சேற்றில், செருப்பின் அடியில் ஒட்டும். முளைக்க வாய்ப்பில்லாத விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

ஐரோப்பாவிலும் அதே விதைதானே? அங்கே ஏன் ஓடைக்கரை முழுக்க அது மட்டுமே நிற்கவில்லை? காரணம், அங்கே அதைத் தின்ன நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சி இனங்கள் இருக்கின்றன. இலையைத் தின்பது ஒன்று, மொட்டைத் துளைப்பது ஒன்று, வேரைக் குடைவது ஒன்று. ஐரோப்பியச் செடி பிறந்த நாள் முதல் வரி கட்டிக்கொண்டே வாழ்கிறது. கப்பல் மண்ணில் விதை போயிற்று. அந்தப் பூச்சிகள் போகவில்லை. இதுதான் இரு கரைகளுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு.

நியூயார்க் மாநிலத்தில் மான்டிசூமா என்று ஒரு வனவிலங்குப் புகலிடம் இருக்கிறது. நீர்ப்பறவைகளுக்குப் பேர்போன இடம். இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அங்கே சம்பங்கோரை நின்ற இடங்களை லித்ரம் பிடித்துக்கொண்டது. ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டார்கள். சதுப்பில் வாழும் சின்னஞ்சிறு ரென் குருவி சம்பங்கோரையில்தான் கூடு கட்டியது, லித்ரத்தை நாடவில்லை. நீரெலிகளும் சம்பங்கோரையையே விரும்பின. சிவப்புச் சிறகுக் கரும்பறவையோ லித்ரத்திலும் தயங்காமல் கூடு கட்டியது. ஒருவருக்கு நட்டம், ஒருவருக்கு இடம். இந்த விவரத்தையும் நினைவில் வையுங்கள். பின்னால் ஒரு பெரிய வாதத்துக்கு இது அடி எடுத்துக் கொடுக்கும்.

இதற்கிடையில் நாற்றுப்பண்ணைகள் என்ன செய்துகொண்டிருந்தன? விற்றுக்கொண்டிருந்தன. கனடாவின் மானிடோபா மாகாணத்தில் மோர்டன் என்ற ஊரின் ஆய்வு நிலையத்தில் 1930களில் ஓர் அழகிய இளஞ்சிவப்பு வகை உருவானது. மோர்டன் பிங்க் என்று பெயர். அதற்கு ஒரு சான்றிதழும் கூடவே வந்தது: இது மலடு, விதையே வைக்காது, ஆகவே ஆபத்தில்லை. தோட்டக்காரர்கள் நம்பி வாங்கினார்கள்.

அது மலடா? இங்கேதான் டார்வினின் கணக்கு திரும்பி வருகிறது. மோர்டன் பிங்க் என்பது ஒரே செடியிலிருந்து துண்டு துண்டாக வெட்டிப் பெருக்கியது. உலகில் எத்தனை தோட்டத்தில் இருந்தாலும் எல்லாம் ஒரே செடிதான். எல்லாப் பூவிலும் சூல்தண்டு ஒரே உயரம்தான். தோட்டத்தில் அது தனியாக நின்றபோது விதை வைக்கவில்லை, உண்மை. ஆனால் வேலிக்கு அப்பால் ஓடைக்கரையில் காட்டு லித்ரம் நிற்கிறதே? அங்கே மற்ற இரண்டு உயரங்களும் இருக்கின்றனவே? தேனீ வேலியைப் பார்த்துத் திரும்பிப் போகுமா? மானிடோபாவில் 1990களில் சோதித்துப் பார்த்தார்கள். காட்டு மகரந்தம் கிடைத்ததும் மலடு என்று விற்கப்பட்ட செடி தாராளமாக விதை வைத்தது. அதன் மகரந்தம் காட்டுச் செடிகளுக்கும் போயிற்று. 1860களிலேயே அச்சில் வந்த ஒரு உண்மை. படித்துப் பார்த்திருந்தால் போதும். அந்தச் சான்றிதழை யாரும் எழுதியிருக்க முடியாது. அறிவு இல்லாமல் நேர்ந்த தவறு என்று இதைச் சொல்ல மனம் ஒப்பவில்லை. இருந்த அறிவைப் புரட்டிப் பார்க்காததால் நேர்ந்தது.

பிறகு போர் தொடங்கியது. 1987இல் மின்னசோட்டா மாநிலம் இந்தச் செடிக்கு எதிராகத் தனித் திட்டமே வகுத்தது. பிடுங்கினார்கள், அறுந்த வேர்த்துண்டு மறுபடி தழைத்தது. அறுத்தார்கள், வெட்டிய தண்டு ஈரத்தில் விழுந்து வேர்விட்டது. நீரைத் தேக்கி மூழ்கடித்தார்கள். தீ வைத்தார்கள். களைக்கொல்லி அடித்தார்கள், பக்கத்திலிருந்த நல்ல செடியும் சேர்ந்து செத்தது, மண்ணில் காத்திருந்த லித்ர விதை வெளிச்சம் கண்டு முளைத்தது. சிறு இடத்தில் புதிதாக வந்த செடியைப் பிடுங்கினால் பலன் உண்டு. பரந்த சதுப்பில் மனிதக் கைகள் தோற்றன.

அப்போதுதான் அறிஞர்கள் பழைய கரையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐரோப்பாவில் அதை அடக்கி வைத்திருப்பவை எவையோ அவற்றைத் தேடுவோம் என்றார்கள்.

இது அவசரத்தில் செய்கிற வேலையல்ல. ஒரு பூச்சியைப் புது நாட்டுக்குள் விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. லித்ரத்தைத் தின்று தீர்த்தபின் அது பயிருக்குள் பாய்ந்தால்? 1980களின் பின்பாதி முழுக்க அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வாளர்கள் சேர்ந்து சோதித்தார்கள். பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெர்ண்ட் பிளாசி இந்த முயற்சியின் முன்னணியில் நின்றவர். பயிர்கள், உறவுச் செடிகள், சதுப்புச் செடிகள் என்று வரிசையாக வைத்து, எதைத் தின்கிறது, எதில் முட்டையிடுகிறது, எதில் புழு பிழைக்கிறது என்று பார்த்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சிகளில் தேறியவை மிகச் சிலவே.

1992இல் அமெரிக்க வேளாண்துறை மூன்றுக்கு அனுமதி கொடுத்தது. கலெருசெல்லா பேரினத்தைச் சேர்ந்த இரண்டு இலைவண்டுகள். பழுப்பு நிறம், அரிசி மணியை விடச் சிறிய உடல். மூன்றாவது, வேரைக் குடையும் ஒரு கூன்வண்டு. பின்னர் பூமொட்டைத் தின்னும் இன்னொரு சிறு கூன்வண்டும் சேர்ந்தது. இலைவண்டு வசந்தத்தில் சருகுக்குள்ளிருந்து எழுந்து வரும். தண்டிலும் இலையிலும் முட்டையிடும். புழு முதலில் நுனிமொட்டுக்குள் புகுந்து குருத்தைத் தின்னும். நுனி போனால் கதிர் ஏது? கதிர் இல்லாவிட்டால் 20 லட்சம் விதை ஏது?

இந்தக் கதையில் மனத்தைத் தொடுகிற பகுதி ஒன்று உண்டு. இலட்சக்கணக்கில் வண்டு வேண்டும்; அத்தனையையும் ஆய்வுக்கூடம் வளர்த்துத் தர முடியாது. மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் பள்ளிக்கூடங்களிடம் கேட்டார்கள். மாணவர்கள் லித்ரச் செடியைத் தோண்டித் தொட்டியில் வைத்தார்கள். குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் நீச்சல் தொட்டியில் நீர் ஊற்றி அதற்குள் அந்தத் தொட்டிகளை நிறுத்தினார்கள். ஒவ்வொரு செடிக்கும் மெல்லிய வலையால் உறை. உள்ளே சில வண்டுகள். சில வாரத்தில் சில வண்டுகள் நூற்றுக்கணக்காகப் பெருகின. பிறகு வகுப்பே கிளம்பி, சதுப்புக்குப் போய், உறையை அவிழ்த்து விட்டது. அந்தப் பிள்ளைகள் அடுத்த ஆண்டு அதே இடத்துக்குப் போய் எத்தனை தண்டு, எத்தனை பூ என்று எண்ணினார்கள். பாடப்புத்தகத்தில் படிக்கும் உணவுச்சங்கிலியைக் கையால் கட்டிப் பார்த்த பிள்ளைகள் அவர்கள்.

பலன் கிடைத்ததா? பல இடங்களில் கிடைத்தது. ஆள் உயரம் நின்ற செடி முழங்கால் உயரத்துக்குக் குறுகியது. செவ்வூதாவாக எரிந்த சதுப்பு பச்சைக்குத் திரும்பியது. செடி அழியவில்லை, வண்டு அதை அழிக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. செடி குறைந்தால் வண்டு குறையும். செடி மறுபடி தலையெடுத்தால் வண்டும் வரும். ஆனால் எல்லா இடத்திலும் இப்படி இல்லை. வெள்ளம் அடிக்கடி ஏறும் இடத்தில் வண்டு நிலைக்கவில்லை. சில சதுப்புகளில் லித்ரம் விலகிய இடத்தை நாட்டுச் செடிகள் பிடிக்கவில்லை. வேறொரு ஊடுருவல் நாணல் பிடித்தது. சதுப்பின் நீரையும் மண்ணையும் கெடுத்துவிட்டு, செடியை மட்டும் மாற்றினால் அதே காலியிடத்துக்கு அடுத்த ஆள் வந்து நிற்பான்.

இனி அந்தப் பெரிய வாதம். 1998இல் ஹேகர், மெக்காய் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். லித்ரம் சதுப்பை நாசமாக்குகிறது என்கிறீர்களே, சான்று எங்கே என்று கேட்டார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் எடுத்து எழுதி, அதையே எல்லோரும் உண்மையாக்கிவிட்டீர்கள். அளந்து பார்த்தவர் எத்தனை பேர் என்றார்கள். அந்தக் கரும்பறவை நினைவிருக்கிறதா? லித்ரத்தில் கூடு கட்டிய பறவையையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? பிளாசியும் மற்றவர்களும் 2001இல் பதில் எழுதினார்கள். அதன்பின் அளவீடுகள் வரத் தொடங்கின. லித்ரத்துக்கு அமெரிக்காவிலேயே ஒரு நாட்டுத் தங்கை உண்டு, லித்ரம் அலாட்டம் என்று. அக்காள் பக்கத்தில் பூத்தால் தங்கைக்குத் தேனீ வரவு குறைகிறது, விதையும் குறைகிறது என்று 2002இல் ஓர் ஆய்வு காட்டியது. லித்ர இலை ஊறிய நீரில் அமெரிக்கத் தேரையின் தலைப்பிரட்டைகள் சரியாகப் பிழைப்பதில்லை என்று வேறு ஆய்வுகள் காட்டின; அன்று வயிற்றுப்போக்கை நிறுத்திய அதே துவர்ப்புச் சத்தின் வேலை அது. 2010இல் கிளாட் லாவா என்ற கியூபெக் அறிஞர் மொத்த வரலாற்றையும் மறுபடி ஆராய்ந்து, செடியின் மேல் சுமத்திய பழியில் ஒரு பகுதி சான்றை மிஞ்சியது என்றார்.

இந்த வாதத்தில் யார் பக்கம் நிற்பது? ஹேகரும் மெக்காயும் கேட்ட கேள்விக்குத்தான் முதல் மரியாதை தர வேண்டும். அவர்கள் கேட்ட பிறகுதான் பலரும் அளவுகோலைக் கையில் எடுத்தார்கள். அளந்து பார்த்ததில் தீங்கு உண்டென்று தெரிந்தது. பறை சாற்றிய அளவு இல்லை என்றும் தெரிந்தது.

வாதம் ஓயாதிருக்க, செடி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. தெற்கிலிருந்து வடக்கே நகர நகரக் கோடைகாலம் குறுகும். வடக்கே பூக்கத் தாமதித்தால் விதை முற்றும் முன் உறைபனி விழும். தெற்கே அவசரப்பட்டால் சிறு செடியாகவே பூத்து விளைச்சல் குறையும். ராபர்ட் கொலாட்டி, ஸ்பென்சர் பாரெட் என்ற இருவர் வெவ்வேறு அட்சரேகைகளிலிருந்து லித்ர விதைகளைச் சேகரித்து, வட ஒன்டாரியோ முதல் வர்ஜீனியா வரை மூன்று இடங்களில் தோட்டம் போட்டு வளர்த்தார்கள். வடக்கத்தி விதை எங்கே விதைத்தாலும் சீக்கிரம் பூத்தது. தெற்கத்தி விதை எங்கே விதைத்தாலும் பெரிதாக வளர்ந்து தாமதமாகப் பூத்தது. அந்தந்த ஊரில் அந்தந்த ஊர்ச் செடியே அதிகம் விளைந்தது. வடக்கே பரவிய சுமார் 50 ஆண்டுக்குள் இந்த மாற்றம் பரம்பரையில் பதிந்துவிட்டது. 2013இல் சயன்ஸ் இதழ் இதை வெளியிட்டது. இயற்கைத் தேர்வைப் பற்றி எழுதியவர் பைத்தியமாக நேசித்த செடியே, அவர் சொன்னதை மனித ஆயுளுக்குள் செய்து காட்டியிருக்கிறது. டார்வினுக்கு இதைக் காட்டியிருந்தால்!

அதே பாரெட், வட அமெரிக்காவில் டார்வினின் மூன்று வகைகளையும் தேடியவர். ஒன்டாரியோவில் ஏதேனும் ஒரு வகை விடுபட்ட கூட்டங்கள் பல கிடைத்தன. பிரான்சில் அப்படிப்பட்டவை அரிது. சில விதைகள் மட்டும் தற்செயலாகப் போய் விழுந்து ஊர் அமைத்ததால் வந்த குறை அது.

அவர் ஆராய்ந்த இன்னொரு செடியின் பெயரைச் சொன்னால் இந்த அரங்கில் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஆகாயத்தாமரை!

நம் ஏரிகளையும் குளங்களையும் வாய்க்கால்களையும் மூடிக் கிடக்கிறதே, அதே ஆகாயத்தாமரை. லித்ரத்துக்கு எந்த வகையிலும் உறவில்லாத குடும்பம். ஆனால் அதன் பூவிலும் சூல்தண்டுக்கு மூன்று உயரம் உண்டு. தென் அமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காக எடுத்துச் செல்லப்பட்டது. இங்கும் அதைத் தின்னும் பூச்சிகள் கூடவே வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் நுழைந்து நாடெங்கும் பரவியது. 1980களில் பெங்களூரில் தென் அமெரிக்கக் கூன்வண்டுகளைச் சோதித்து ஏரிகளில் விட்டார்கள். சில ஏரிகளில் நல்ல பலனும் கண்டார்கள். ஒரே கதை, வேறு நீர்நிலை.

மூன்று உயரங்களில் குட்டை வகை தென் அமெரிக்காவை விட்டு வெளியே வரவில்லை என்கிறார் பாரெட். உலகெங்கும் பரவியதில் பெரும்பகுதி நடு உயர வகை. நீள வகை ஆங்காங்கே. நம் ஊரில் எது? இங்கே இருக்கும் மாணவர்கள் இதைத் தாங்களே பார்க்கலாம். ஏரியில் ஆகாயத்தாமரை பூத்திருக்கும்போது ஒரு பூவை எடுத்து இதழை விலக்குங்கள். ஆறு மகரந்தத் தாள்கள் இருக்கும். மூன்று நீளம், மூன்று குட்டை; சூல்தண்டு அவற்றுக்கு நடுவில் நின்றால் அது நடு உயர வகை. அப்படியில்லாமல் சூல்தண்டு எல்லாவற்றுக்கும் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அது நீள வகை. ஏரியின் பெயர், தேதி, எத்தனை பூ பார்த்தீர்கள், எந்த உயரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு லென்சும் ஒரு நோட்டும் போதும். பல ஊர் மாணவர்கள் சேர்ந்து எழுதினால், இந்தச் செடி எந்த ஏரியிலிருந்து எந்த ஏரிக்குப் போயிருக்கலாம் என்று யோசிக்க அந்தக் குறிப்பேடுகள் உதவும். இந்த மாவட்டத்திலிருந்தே அதைத் தொடங்கலாம்.